ஜில்லுனு கடை... பளபள சேலை... நம்பரைப் பார்த்தீங்களா? போனில் தட்டினால் தெரியும் சாயம்!

சென்னை:
கடைக்குள் நுழைகிறோம். ஏ.சி. காற்று ஜில்லென்று அடிக்கிறது. "வாங்கக்கா, உட்காருங்க. ஒரிஜினல் காஞ்சிபுரம்க்கா. கையில தொட்டுப் பாருங்க" என்று சேலையை விரித்துப் போடுகிறார் கடைப் பையன். தொட்டுப் பார்க்கிறோம். வழவழவென்று இருக்கிறது. பையில் இருப்பது தீபாவளி போனஸ். இல்லாவிட்டால் சீட்டு எடுத்த பணம். எண்ணிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி விடுகிறோம்.

அது பட்டுதானா? பக்கத்துக் கடையில் வாங்கிய தோடு 916 தங்கம்தானா? ஆன்லைனில் 80 சதவீதம் தள்ளுபடி என்று வாங்கிய சட்டைக்கு அசல் விலை என்ன? கேட்டால் "கடைக்காரர் சொன்னாரே" என்பதுதான் நம்மில் பல பேருடைய பதில்.

கடைக்காரரை நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல வியாபாரிகள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் சொல்வது நிஜமா என்று பார்க்க, நம் கையில் இருக்கும் செல்போனே போதும். நகை, பட்டு, செருப்பு, சட்டை என்று பல பொருட்களில் ஒரு நம்பர் இருக்கிறது. அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு பெரிய பேரேடு இன்டர்நெட்டில் திறந்து கிடக்கிறது. பார்ப்பதற்கு ஒரு பைசா செலவு இல்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை!

தங்கத்தில் 6 எழுத்து

முதலில் தங்கம். ஏனென்றால் நம்ம வீட்டில் தங்கம் வெறும் அலங்காரம் இல்லை. ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரி செலவு என்றால் முதலில் அடகுக் கடைக்குப் போவது அதுதான். வாங்கும்போது தெரியாத மோசடி, அடகு வைக்கப் போகும்போதுதான் பல்லைக் காட்டும்.

நகையில் இப்போது 3 முத்திரை இருக்க வேண்டும். ஒன்று, முக்கோண வடிவ பி.ஐ.எஸ். முத்திரை. இரண்டு, 22கே916 என்பது போன்ற தர எண். மூன்று, எச்.யு.ஐ.டி. எனப்படும் 6 இலக்கக் குறி. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். ஒரு நகைக்கு ஒரு குறிதான். உங்கள் தோட்டில் இருப்பது வேறு எந்த நகையிலும் இருக்கக் கூடாது.

இந்த 6 இலக்க முறை 2021 ஜூலையில் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்களில் இது இல்லாமல் கடையில் நகை விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. 2 கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு விலக்கு உண்டு.

போனில் "பி.ஐ.எஸ். கேர்" என்ற ஆப்பை இறக்கி, அந்த 6 இலக்கத்தை அடித்தால் போதும். எந்த நகைக்கடை முத்திரை வாங்கியது, எந்த மையம் சோதித்தது, அது மோதிரமா சங்கிலியா, தரம் என்ன என்று வந்து விழும். கையில் இருப்பது சங்கிலி, போனில் வருவது மோதிரம் என்றால்? உஷார்! பணத்தை உள்ளே வையுங்கள்.

"இத்துனூண்டு எழுத்து, கண்ணுக்கே தெரியலையேண்ணே" என்று விட்டுவிடாதீர்கள். முத்திரையைப் பெரிதாக்கிப் பார்க்க பூதக்கண்ணாடி வைத்திருக்க வேண்டியது நகைக்கடையின் பொறுப்பு. தைரியமாகக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க

ஒரு பவுன் 8 கிராம். 916 தரம் என்றால் அதில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம். 916 என்று சொல்லி 750 தரத்தைத் தள்ளி விட்டால் சுத்தத் தங்கம் 6 கிராம்தான். பவுனுக்கு 1.33 கிராம் அம்பேல்! இன்றைய விலையில் 1.33 கிராம் எவ்வளவு என்று நீங்களே கணக்கு போட்டுக் கொள்ளுங்கள். சிலருக்கு அது ஒரு மாச சம்பளம்.

ஹால்மார்க் நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த அளவுக்கான பணத்தைப் போல் 2 மடங்கும், சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று 2018-ல் வந்த பி.ஐ.எஸ். விதி சொல்கிறது. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு விஷயம். "கே.டி.எம். நகைம்மா, சுத்தமானது" என்று இன்றும் சில இடங்களில் சொல்கிறார்கள். கே.டி.எம். என்பது காட்மியம் சேர்த்துப் பற்ற வைக்கிற முறை. அது தர முத்திரையே கிடையாது.

வீட்டில் இருக்கும் பாட்டி காலத்து நகையில் 6 இலக்கம் இல்லையே என்று பதற வேண்டாம். அது செல்லாமல் போய்விடாது. கடைக்காரர் விற்பதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. பழைய நகையின் தரம் தெரிய வேண்டுமானால், ஹால்மார்க் மையத்தில் நீங்களே கொடுத்து சோதிக்கலாம்.

வெள்ளிக் கொலுசுக்கும் இதே போன்ற 6 இலக்கக் குறி 2025 செப்டம்பர் 1-ல் வந்தது. அப்போது கட்டாயம் என்று ஆக்கவில்லை, விருப்பப்பட்ட கடைகள் போடலாம் என்று தொடங்கினார்கள். கொலுசு வாங்கும்போது "எச்.யு.ஐ.டி. போட்டது இருக்காண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பட்டு... பாலியஸ்டர்... பட்டுனு சொல்லி!

அடுத்தது பட்டு. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ல் தொடங்கியது "சில்க் மார்க்" முத்திரை. முத்திரை பெற்ற அசல் பட்டு என்றால் சேலையில் இந்தச் சீட்டு தொங்கும். அதில் ஹாலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். சீட்டு தொங்கினால் மட்டும் போதாது. அந்த எண்ணை வைத்து சரிபார்க்கச் சொல்லி கடையிலேயே கேட்கலாம். முத்திரை பயன்படுத்த அனுமதி பெற்ற கடையா என்றும் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும. சில்க் மார்க் பட்டு நூலுக்குத்தான் உத்தரவாதம். ஜரிகைக்கு இல்லை! அசல் ஜரிகையில் பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசி இருப்பார்கள். செம்பு கலந்த ஜரிகையும் உண்டு, வெறும் பிளாஸ்டிக் பளபளப்பும் உண்டு. மூன்றுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதனால் "பட்டு அசல்தான், ஜரிகை என்ன ரகம்? பில்லில் எழுதித் தாங்க" என்று கேளுங்கள்.

சீட்டு இல்லாத சேலை என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது. முந்தானை ஓரத்தில் இரண்டு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் கையில் பொடியும். பாலியஸ்டர் என்றால் உருகி உருண்டையாகக் கெட்டியாகிவிடும். நம்ம ஆச்சிகள் இன்டர்நெட் இல்லாமலேயே கண்டுபிடித்த டெஸ்ட் இது.

ஊர் பேரைச் சொல்லி வியாபாரம்

காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம், மதுரை சுங்குடி, காரைக்குடி கண்டாங்கி, கோவை கோரா காட்டன்... இவை எல்லாம் வெறும் பெயர் இல்லை. புவிசார் குறியீடு பெற்றவை. இந்தியா முழுமைக்குமான இந்தக் குறியீட்டுப் பதிவகம் இருப்பது எங்கே தெரியுமா? நம்ம கிண்டியில்தான்!

அந்தப் பதிவகத்தின் பட்டியல் இன்டர்நெட்டில் இருக்கிறது. எந்தப் பகுதியில், எப்படி நெய்தால் அந்தப் பெயர் வைக்கலாம் என்று அதில் விவரம் உண்டு. உதாரணத்துக்கு, சுங்குடி என்றால் துணியில் முடிச்சுப் போட்டு சாயம் ஏற்றுவது. 2005-லேயே குறியீடு வாங்கியது. இப்போது மிஷினில் புள்ளி புள்ளியாக அச்சடித்ததையும் சுங்குடி என்றே விற்கிறார்கள். அச்சு சேலை வாங்குவது தப்பில்லை. முடிச்சு சேலை விலை கொடுத்து அச்சு சேலை வாங்குவதுதான் தப்பு. அந்தக் காசு போக வேண்டியது முடிச்சுப் போட்ட கைகளுக்கு.

'எக்ஸ்போர்ட்' சட்டைக்குள் ஒரு ரகசியம்

"அண்ணே, எக்ஸ்போர்ட் பீஸ்ண்ணே. வெளிநாட்டுல 3 ஆயிரம், இங்க முந்நூறு" என்று கூவி விற்கிறார்களே, அந்த சட்டைக்கு வருவோம். திருப்பூர் காதர்பேட்டையிலும், சென்னை பிளாட்பாரங்களிலும் இந்த வியாபாரம் ஜோர்.

சட்டையின் உள்பக்கம், விலாத் தையலில் ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதில் "ஆர்.என்." என்று ஆங்கிலத்தில் போட்டு ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் துணி விற்கும் கம்பெனி தன் பெயரைப் போட வேண்டும், அல்லது அந்த நாட்டு வணிக ஆணையம் கொடுத்த இந்த எண்ணைப் போட வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணை அடித்தால், அது எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று வரும். கனடாவுக்குப் போகும் துணி என்றால் "சி.ஏ." என்ற எண் இருக்கும்.

கழுத்தில் ஒரு கம்பெனி பெயர், விலாவில் இருக்கும் எண்ணோ சம்பந்தமில்லாத வேறு கம்பெனி என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். அதற்காக எண் ஒத்துப்போனால் நூறு சதவீதம் அசல் என்றும் சொல்லிவிட முடியாது. லேபிளைத் தனியாக அடித்துத் தைப்பதும் நடக்கிற காரியம்தானே! திருப்பூர்காரர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. தையலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

செருப்பு, ஷூவுக்கும் வழி இருக்கு. 2024 ஆகஸ்ட் 1-ல் காலணிகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவு அமலுக்கு வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே "சி.எம்./எல்." என்று ஒரு லைசென்ஸ் எண் இருக்கும். அதையும் அதே பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அடித்துப் பார்க்கலாம். சின்ன உற்பத்தியாளர்களுக்கு விலக்கு கொடுத்திருந்ததால், முத்திரை இல்லாத செருப்பெல்லாம் டுபாக்கூர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் முத்திரையைப் போட்டுவிட்டு நம்பர் பொய் என்றால், அது சுத்த மோசடி.

80 சதவீதம் தள்ளுபடியா? அடேங்கப்பா!

இப்போது ஆன்லைன். எம்.ஆர்.பி. 2,499 ரூபாய். அதை அடித்துவிட்டு 499 என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். "2 பீஸ்தான் பாக்கி, சீக்கிரம்" என்று வேறு மிரட்டல். கை தானாக பட்டனைத் தட்டுகிறது.

நில்லுங்கள். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை. அவ்வளவுதான். அந்த விலைக்கு யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்பது வேறு கதை. எழுதுவது கம்பெனி, வெட்டுவதும் கம்பெனி!

இதற்கு 3 வழி இருக்கிறது. முதல் வழி, விலை வரலாறு காட்டும் தளங்கள். பொருளின் லிங்கைப் போட்டால், கடந்த சில மாதங்களில் விலை எப்படி ஏறி இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். பண்டிகைக்கு முன்னால் விலையை ஏற்றி, பண்டிகையில் இறக்கினார்களா என்று பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது, ஸ்டைல் கோடு. பிராண்டட் துணி, ஷூ எல்லாவற்றுக்கும் ஒரு மாடல் எண் உண்டு. அந்த எண்ணைத் தேடினால் அதே பொருள் மற்ற கடைகளில், கம்பெனியின் சொந்தத் தளத்தில் என்ன விலை என்று வந்துவிடும்.

மூன்றாவது, படத்தை வைத்துத் தேடுவது. சேலை போட்டோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒரே போட்டோ, பத்து கடை, பத்து விலை என்று வந்தால், அந்தப் படம் அந்தக் கடைக்காரர் எடுத்ததில்லை என்று அர்த்தம். வரப்போகும் சேலையும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"2 பீஸ்தான் பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசியில் கட்டணத்தை ஏற்றுவது ஆகிய எல்லாவற்றுக்கும் 2023 நவம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. மொத்தம் 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆன்லைன் தளம் என்றால் விற்பவர் யார், முகவரி என்ன, குறை கேட்கும் அதிகாரி யார் என்று காட்ட வேண்டும். புகாரை வாங்கிக்கொண்டதாக 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இது 2020-ல் வந்த விதி. முகவரியே இல்லாமல் போட்டோவும் ஜி பே நம்பரும் மட்டும் போடுகிறவரிடம் முன்பணம் அனுப்பாதீர்கள்.

கடையில் தொங்கும் ரெடிமேட் துணிக்கும் ஒரு விதி இருக்கு. 2022-ல் அரசு பல விவரங்களைக் குறைத்துக் கொடுத்தாலும், 4 விஷயம் இருந்தே ஆக வேண்டும் என்றது. கம்பெனி பெயரும் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும், வாடிக்கையாளர் தொடர்பு எண், சைஸ், எம்.ஆர்.பி. சைஸ் என்றால் எம், எல் என்று மட்டும் போட்டால் பத்தாது. சென்டிமீட்டரிலும் வேண்டும்.

பில்லுக்கும் ஒரு நம்பர்

"பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன் சார்." இந்த வார்த்தைக்கு மயங்காதவர் யார்? ஆனால் பில் இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லா நம்பரும் வீண். எதைக் காட்டி கேட்பீர்கள்?

பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதை அடித்தால் கடையின் பெயர், எண் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்த வகை வியாபாரி என்று வந்துவிடும். "காம்போசிஷன்" வகை என்று வந்தால், அவர் உங்களிடம் தனியாக ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது. வாங்கினால் அது அவர் பாக்கெட்டுக்கு! ரெடிமேட் துணியில் 2,500 ரூபாய் வரை உள்ளவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். பில்லில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள்.

நம்பர் சொல்லாத விஷயமும் இருக்கு

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். எச்.யு.ஐ.டி. தரத்தைச் சொல்லும். செய்கூலி, சேதாரம் நியாயமா என்று சொல்லாது. அதை நாலு கடை ஏறி இறங்கித்தான் பார்க்க வேண்டும். சில்க் மார்க் பட்டு என்று சொல்லும். அந்த விலை சரியா என்று சொல்லாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தினக்கூலி வாங்குகிறவர் பிள்ளைக்கு வாங்கும் 200 ரூபாய் சட்டைக்கு எந்தப் பேரேடும் இல்லை. ஒரு துவையலில் சாயம் போனாலும், தையல் விட்டாலும் கேட்க நாதியில்லை. பெரிய விலைப் பொருளுக்குத்தான் நம்பரும் பாதுகாப்பும். சின்ன விலைக்கு கண்ணும் கையும்தான். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தையலை இழுத்துப் பாருங்கள், ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்து சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

ஏமாந்துட்டா என்ன பண்றது?

* பொருளில் குறை என்றால் முதலில் பில்லோடு கடைக்குப் போங்கள். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தராமல் இருப்பதும் 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்.

* மசியவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம்.

* போலி தளத்தில் பணத்தை விட்டுவிட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் மீள வாய்ப்பு.

* மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

கேட்டா அசிங்கமா?

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் யாரும் பார்ப்பதில்லை? நேரமில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, கூச்சம். "கேட்டா நம்மள கஞ்சப்பிசினாறின்னு நினைப்பாங்களோ? நம்பரைப் பார்த்தா சந்தேகப்படுறோம்னு கோவிச்சுக்குவாங்களோ?" என்று நினைக்கிறோம். பெரிய கடையின் பளபளப்பே நம் வாயை அடைத்து விடுகிறது.

கார் வாங்குகிறவர் சுற்றிச் சுற்றி வந்து, பானெட்டைத் திறந்து பார்க்கிறார். யாரும் கோவித்துக்கொள்வதில்லை. ஒரு வருஷம் சீட்டு கட்டி, வேர்வை சிந்தி ஒரு பவுன் வாங்குகிறவர் 6 எழுத்தைப் பார்த்தால் மட்டும் குற்றமா? ஆப் பயன்படுத்தத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அரை நிமிஷ வேலை.

ஒருத்தர் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம். வரிசையில் நிற்கிற பத்து பேரும் கேட்டால், அடுத்த மாதம் பூதக்கண்ணாடி தானாக மேஜைக்கு வந்துவிடும். ஒழுங்காக வியாபாரம் செய்கிறவருக்கு இதில் நஷ்டமே இல்லை, லாபம்தான்.

ஆகவே அடுத்த தடவை கடைப் பையன் "தொட்டுப் பாருங்கக்கா" என்று சொன்னால், தொட்டுப் பாருங்கள். கூடவே, "நம்பர் எங்கேப்பா இருக்கு?" என்றும் கேட்டுவிடுங்கள்!